மாணவர் பிக் பேண்டில் ஒரு பாப்-ராக் பீஸ்: தேர்விலிருந்து மேடை வரை

அமெரிக்கப் பள்ளிகளில் ஜாஸ் பேண்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வருடக் கச்சேரிக்கு மூன்று நான்கு பீஸ் தயார் செய்வார்கள். ஒரு ஸ்விங், ஒரு ப்ளூஸ் அல்லது லத்தீன், கூட்டம் தலையாட்டும்படி கடைசியில் ஒரு பாப்-ராக். அந்த ராக் பீஸின் நோட்ஸ் எளிதாக இருக்கும். இரண்டாவது ரிகர்சலிலேயே முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிடுவார்கள். அதை நம்பி ஓரமாக வைத்துவிட்டு மீதி நாளெல்லாம் ஸ்விங் பீஸோடு மல்லுக்கட்டினால், கச்சேரி அன்று ராக் பீஸ்தான் தொளதொளவென்று வரும். இந்த வகையில் எந்த நோட் என்பதில் சிக்கல் இல்லை. அது எங்கே முடிய வேண்டும் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. பிக் பேண்ட் எனப்படும் இந்தப் பெரிய ஜாஸ் குழுவின் 17 பேரும் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகிவிட்டால் நாலே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) உள்ள பாட்டும் இடி மாதிரி இறங்கும்.

பீஸைத் தேர்ந்தெடுப்பது

பதிப்பகங்கள் ஒவ்வொரு பீஸுக்கும் கிரேடு எண் போடுகின்றன. ஹால் லியோனார்டின் டிஸ்கவரி ஜாஸ் வரிசை ஆரம்ப நிலைக்கு, ஈஸி ஜாஸ் வரிசை அதற்கு அடுத்த படிக்கு. சென்னையிலோ கொழும்பிலோ டிரினிட்டி இசைத் தேர்வு எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த கிரேடு அந்த கிரேடு அல்ல. இங்கே எண் ஒரு தனி மாணவரின் தேர்ச்சியைச் சொல்வதில்லை, அந்த பீஸ் ஒரு பேண்டுக்கு எவ்வளவு கடினம் என்பதைத்தான் சொல்கிறது. வாத்தியத்தை எடுத்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகளுக்கு கிரேடு 2 பொருந்தும்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எல்லாருடைய பார்ட்டும் சேர்ந்திருக்கும் ஸ்கோரைத் திறந்ததும் முதல் டிரம்பெட் பார்ட்டுக்குப் போங்கள். மேல் எல்லை, எழுதியிருக்கும்படி, ஐந்தாம் கோட்டின் தலையில் உட்காரும் ஜி-யைத் தாண்டக் கூடாது. அந்த ஜி எத்தனை முறை வருகிறது, அதற்கு முன் எத்தனை பார் (நாலு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று) ஓய்வு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஓய்வே இல்லாமல் 16 பார் உச்சத்தில் ஓடும் கோரஸ் இருந்தால், பார்க்க எவ்வளவு எளிதாக இருந்தாலும் அந்த பீஸ் வேண்டாம். பிள்ளையின் உதடு பாதியிலேயே சோர்ந்துவிடும், பிறகு வாயை அழுத்தி வாசிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கு ஆகும். அடுத்து டிரம்ஸ் பார்ட். எதை அடிப்பது என்று சொல்லாமல் வெறும் சாய்கோடுகள் மட்டும் இருந்தால் புதிய டிரம்மர் திணறுவார். முதல் சில பாருக்காவது தாளம் முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும், பேண்டின் முக்கிய அடிகள் கோட்டுக்கு மேலே சிறு நோட்டாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். சோலோவுக்கு கார்ட் பெயர்களோடு எழுதித் தந்த ஒரு சோலோவும் இருப்பது நல்லது.

முழு பேண்ட் என்றால் இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன் என 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். இந்த 17 பேரும் அப்படியே கிடைக்கும் பள்ளி அபூர்வம். நாலாவது டிரம்பெட்டும் நாலாவது டிராம்போனும் இந்த நிலைப் பீஸ்களில் பெரும்பாலும் கட்டாயமில்லை. பாரிடோன் சாக்ஸ் இல்லாததுதான் பெரிய குறை, ராக் பீஸின் அடித்தளமே அதுதான். அதற்கு ஒரு வழி உண்டு. பாரிடோன் பார்ட்டை டிராம்போன் அல்லது டியூபா வாசிப்பவரிடம் கொடுத்து, வரியின் முன்னால் இருக்கும், எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் டிரெபிள் கிளெஃப் குறியை பேஸ் கிளெஃபாக நினைத்துக்கொள்ளவும், கீ சிக்னேச்சரில் மூன்று ஃப்ளாட் சேர்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள். சரியான சுருதி, சரியான ஆக்டேவ், எதையும் மாற்றி எழுத வேண்டாம். நடுவில் வரும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளை மட்டும் முன்கூட்டியே பென்சிலால் திருத்திக் கொடுத்துவிடுங்கள்.

மாதிரிக்கு ஒரு பீஸ்

கையில் ஒரு பீஸ் இருந்தால் பேசுவது எளிது. இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம். கான்செர்ட் சுருதியில், அதாவது காதில் கேட்கும் உண்மையான சுருதியில், ஜி மைனர், வேகம் நிமிடத்துக்கு 126 பீட். டிரம்பெட்டுக்கும் டெனருக்கும் எழுதித் தரும் தாளில் அது ஏ மைனர், ஆல்டோவுக்கும் பாரிடோனுக்கும் இ மைனர். தொடக்கமும் முதல் பகுதியும் ஜி மைனர் கார்டிலேயே ஒரு இரண்டு பார் ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கின்) மேல் நிற்கும். கோரஸில் பாருக்கு ஒரு கார்டாக ஜி மைனர், எஃப், இ ஃப்ளாட், எஃப் சுற்றும். சோலோவும் அதே நாலு கார்டில்.

அந்த ரிஃபை பேஸ், பாரிடோன், டிராம்போன்கள் சேர்ந்து வாசிக்கின்றன. முதல் பாரின் 1-ல், அதாவது முதல் பீட்டில், ஜி, குட்டையாக. 2-ன் பின்பாதியில் எஃப், அதுவும் குட்டை. 3-ல் ஜி, ஒரு பீட் முழு நீளம். 4-ன் பின்பாதியில் பி ஃப்ளாட் தொடங்கி அடுத்த பாருக்குள் நீண்டு அதன் 2-ல் நிற்கிறது. மீதிப் பார் மௌனம், டிரம்ஸ் மட்டும்.

இப்போது டிரம்ஸில் ‘சட்’டென்று வெடிக்கும் ஸ்னேர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 2-லும் 4-லும். முதல் பாரின் 2-ல் யாரும் வாசிக்கவில்லை. 3-ல் தொடங்கிய ஜி, 4-ல் ஸ்னேர் விழும் அதே கணத்தில் நிற்கிறது. பி ஃப்ளாட்டும் அடுத்த பாரின் ஸ்னேரில் நிற்கிறது. ரிஃபில் எந்த நோட்டும் ஸ்னேரின் மேல் படுவதில்லை. அந்த இடைவெளியில்தான் ஸ்னேர் தனியாக வெடித்துக் கேட்கிறது, கேட்பவரின் தலை தானாக ஆடுகிறது. ஒரே ஒரு டிராம்போன் அந்த ஜி-யை அரை பீட் கூடுதலாக இழுத்தாலும் ஸ்னேர் சேற்றில் கல் விழுந்த மாதிரி மந்தமாகிவிடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கேட்கவைக்க வேண்டும். ஒரு முறை இழுத்து வாசிக்கச் சொல்லுங்கள், உடனே ஒரு முறை ஸ்னேரில் நிறுத்தச் சொல்லுங்கள். வித்தியாசம் அவர்களுக்கே தெரியும். பிறகு பென்சில் எடுத்து ஒவ்வொரு நீண்ட நோட்டின் மேலும் அது எந்த பீட்டில் நிற்க வேண்டுமோ அந்த எண்ணை முன்னால் ஒரு கழித்தல் குறியோடு எழுதவையுங்கள். முழு பீஸுக்கும் இதைச் செய்ய 10 நிமிடம் போதும். இதைவிடப் பலன் தரும் 10 நிமிடம் வேறு இல்லை.

டிராம்போன்காரர்களுக்கு இந்த ரிஃபில் ஒரு தனிச் சிக்கல். எஃப் ஸ்லைடின் ஒன்றாம் பொசிஷன், ஜி நாலாம் பொசிஷன். இரண்டுக்கும் நடுவே அரை பீட்தான், 126 வேகத்தில் கால் நொடிக்கும் குறைவு. ஸ்லைடு தாமதமாகப் போனால் நடுவில் ஒரு வழுக்கல் சத்தம் கேட்கும். கையை மணிக்கட்டு வரை தளர்த்தி, நாக்கு தட்டும் அதே கணத்தில் ஸ்லைடை ஒரே வீச்சில் நகர்த்தச் சொல்லுங்கள். முதலில் 84 வேகத்தில், ஊதாமல் ஸ்லைடை மட்டும் நகர்த்தி, வாயால் சொல்லிக்கொண்டே.

வாயால் சொல்வது

ஜாஸ் ஆசிரியர்கள் உச்சரிப்புக் குறிகளை வாயால் சொல்லித்தான் கற்பிக்கிறார்கள். சொற்கட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். கூரை போன்ற குறி இருந்தால் ‘தாத்’: கனமாகத் தொடங்கி நாக்கால் அடைத்து நிறுத்த வேண்டும். பக்கவாட்டு அம்புக்குறி இருந்தால் ‘தா’: அழுத்தம் உண்டு, நீளம் முழுசு. புள்ளி இருந்தால் ‘தித்’: மிகக் குட்டை. கோடு இருந்தால் ‘தூ’: அழுத்தமில்லாமல் முழு நீளம். கடைசி ‘த்’-தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது அல்லவா, வாத்தியத்திலும் காற்றை அதே நாக்குதான் நிறுத்துகிறது. கான்செர்ட் பேண்டில் நோட்டை நாக்கால் நிறுத்தாதே என்று கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் இங்கே தயங்குவார்கள். கூரைக் குறிக்கு அந்த விதி இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நம் ரிஃபை வாயால் சொன்னால் ‘தாத்’, ‘தித்’, ‘தா’, ‘தா’. வாத்தியம் மடியில் இருக்க, காலால் பீட் தட்டி, மொத்த பேண்டும் இதைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே ஒன்றாக வராதது ஊதும்போது வரவே வராது.

அரை பீட் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் ராக் தாளத்தின் உயிர். ஸ்விங்கில் ஒரு பீட்டின் முன்பாதி நீளம், பின்பாதி குட்டை. ராக்கில் இரண்டும் சமம். 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் ஜாஸ் குழுத் தலைவர்களான பட்டி ரிச், வுடி ஹெர்மன், மேனார்ட் ஃபெர்குசன் போன்றோரின் பேண்டுகள் இந்தச் சமமான அரை பீட்டைப் பிக் பேண்டுக்குள் கொண்டுவந்தன. ஃபெர்குசன் அதே காலத்தில் நம் பக்கம் வந்து ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் இசை கற்பித்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். வாரம் முழுக்க ஸ்விங் வாசித்த பிள்ளைகள் ராக்கையும் பாதி ஸ்விங் ஆக்கிவிடுவார்கள், அவர்களுக்கே தெரியாமல். ‘தக தக தக தக’ என்று பீட்டுக்கு ஒரு ‘தக’ சொல்லவையுங்கள், இரண்டு எழுத்தும் ஒரே அளவு. அப்படியும் சாய்ந்தால் பீட்டுக்கு ஒரு ‘தகதிமி’. நாலாகப் பிரித்தபின் சாய இடமே இருக்காது.

அடுத்த தொல்லை, 4-ன் பின்பாதியில் விழும் அந்த அடி. பாதிப் பேர் அதை அடுத்த பாரின் 1-ல் அடிப்பார்கள், மீதிப் பேர் 4-லேயே பாய்ந்துவிடுவார்கள். நாலு ‘தக’ சொல்லி கடைசி ‘க’-வில் மட்டும் கை தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் கால் 1-ல் தரையில் விழ வேண்டும், அந்த 1-ல் வாய் மௌனம். கை மேலே, கால் கீழே. இது உடம்பில் ஏறிய பிறகுதான் வாத்தியம்.

ரிதம் செக்‌ஷன்

மற்றவர்களுக்கு முன்னால் டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ வாசிக்கும் இந்த நால்வரையும் தனியாக 20 நிமிடம் உட்காரவையுங்கள். இவர்கள் சரியில்லாமல் 13 ஊதுபவர்களைத் திருத்துவது வீண் வேலை.

மாணவர் பேண்டில் நடக்கும் தவறுகளில் பாதி டிரம்ஸின் சத்தத்திலிருந்து வருகிறது. சின்ன அறையில் டிரம்மர் பலமாக அடித்தால் மற்றவர்கள் தங்கள் சத்தமே கேட்காமல் ஊதித் தள்ளுவார்கள், சுருதி மேலே ஏறும், டிரம்பெட்காரரின் உதடு தீர்ந்துபோகும். கனமான 5பி குச்சிக்குப் பதில் 7ஏ கொடுங்கள். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்குள் ஒரு தலையணை வையுங்கள். ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டை மூடி, குச்சியின் நுனியால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்னேர் மட்டும் தயங்காமல் விழட்டும். கிராஷ் சிம்பல் எங்கெங்கே என்று பார்ட்டில் வட்டம் போட்டுக் கொடுங்கள், முழு பீஸுக்கும் ஆறேழு இடம் போதும். 4-ன் பின்பாதி அடிக்கு டிரம்மர்தான் வழிகாட்டி: 4-ல் ஸ்னேர், அதன் பின்பாதியில் கிக்கும் கிராஷும் சேர்ந்து. அந்த ஒற்றை ஸ்னேர் அடியைக் கேட்டுத்தான் மற்றவர்கள் குதிக்கிறார்கள். அந்த இடத்தில் பெரிய ஃபில் (இடைவெளியை நிரப்பும் அடிகள்) வேண்டாம். ஆரம்ப டிரம்மர் ஃபில் போடும் இடமெல்லாம் வேகம் கூடும்.

பேஸ் வாசிப்பவர் ஹை-ஹாட்டை ஒட்டி நிற்க வேண்டும், கிக் அடிக்கும் காலைப் பார்க்கும்படி. ரிஃபில் ஜி ஆறு தந்திக் கிட்டாரில் போலவே இ தந்தியின் 3-ம் ஃபிரெட், எஃப் அதே தந்தியின் 1-ம் ஃபிரெட், பி ஃப்ளாட் ஏ தந்தியின் 1-ம் ஃபிரெட். விரல் வேலை சுலபம், நிறுத்துவதுதான் பாடம்: விரலைத் தந்தியிலிருந்து முழுதாக எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சத்தம் அடங்கும். ஆம்பை, அதாவது ஒலிபெருக்கியை, தரையில் காலுக்குப் பின்னால் வைத்தால் வாசிப்பவர் காதுக்கு எதுவும் எட்டாது, அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஒரு நாற்காலியில் தூக்கி வையுங்கள்.

கிட்டாருக்கு முழு பாரே கார்டு வேண்டியதில்லை. அடித் தந்திகளில் ரூட்டும் (கார்டின் அடிச்சுரம்) ஐந்தாம் சுரமும் போதும்: இ தந்தியில் ஜி-க்கு 3, எஃப்-க்கு 1, ஏ தந்தியில் இ ஃப்ளாட்டுக்கு 6. வலது உள்ளங்கையைப் பிரிட்ஜ் அருகே லேசாகப் பதித்து அரை அரை பீட்டாக. டிஸ்டார்ஷன் கொஞ்சம், ரிவெர்ப் வேண்டாம். பியானோவின் இடது கை நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே இறங்கக் கூடாது, அது பேஸின் இடம். கிட்டார் கீழே தட்டிக்கொண்டிருக்கும்போது பியானோ மேலே நீண்ட கார்டு பிடிக்கட்டும், இல்லையென்றால் சும்மா இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே தாளம் அடித்தால் கூழாகிவிடும்.

இந்த நால்வருக்கும் மெட்ரோனோமை 63-ல் வைத்து, அந்தச் சத்தத்தை 2, 4 என்று எண்ணச் சொல்லுங்கள். வேகம் 126-தான். ஆனால் 1-ம் 3-ம் அவர்கள் பொறுப்பு. 16 பார் இப்படி நின்றுவிட்டால் அவர்களை பேண்டோடு சேர்க்கலாம்.

உட்காரும் முறை

சாக்ஸ் முன்வரிசை, டிராம்போன் நடு, டிரம்பெட் பின்னால் நின்றபடி. ரிதம் செக்‌ஷன் கூட்டத்தின் இடதுபுறம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் பார்ட் வாசிப்பவர் நடுவில், ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில். முதல் டிரம்பெட் நிறுத்துவதை முதல் ஆல்டோவும் முதல் டிராம்போனும் முதுகில் கேட்க வேண்டும், மற்றவர்கள் பக்கத்தில் கேட்க வேண்டும். பாரிடோன் சாக்ஸும் கடைசி டிராம்போனும் ஒரே ஓரத்தில், பேசிக்கொள்ளும் தூரத்தில். டிரம்பெட்காரர்களின் ஸ்டாண்டை இடுப்பளவுக்கு இறக்குங்கள். டிரம்பெட்டின் அகன்ற வாயான பெல் ஸ்டாண்டுக்கு மேலே தெரிய வேண்டும். காகிதத்துக்குள் ஊதும் டிரம்பெட் மேடையில் பாதிதான் கேட்கும்.

சாக்ஸின் யூனிசன்

முதல் பகுதியில் மெலடி பெரும்பாலும் ஆல்டோக்களும் டெனர்களும் ஒரே சுரமாக வாசிப்பது. ஹார்மனியைவிட இது கடினம், ஒருவர் கொஞ்சம் விலகினாலும் நெளியும். ஆல்டோவின் நாலாம் கோட்டு டி-தான் பெரும்பாலும் குற்றவாளி. ஆக்டேவ் கீ போட்டு வாசிக்கும் அந்த டி பெரும்பாலான சாக்ஸபோனிலும் சுருதி ஏறி நிற்கும். கான்செர்ட்டில் அது எஃப், ஜி மைனர் மெலடியில் அடிக்கடி வரும். அதே எஃப் டெனருக்கு வேறு விரலில் அமைவதால் இரண்டும் உரசும். ஆல்டோக்காரர் தொண்டையை ‘ஓ’ என்று திறந்து, தாடையைத் தளர்த்தட்டும். நீண்ட டி-யாக இருந்தால் இடது சுண்டுவிரலால் லோ பி கீயையும் சேர்த்து அழுத்தினால் சற்று இறங்கும். சுருதி பார்ப்பது 5 நிமிடமாவது வாசித்துச் சூடான பிறகுதான்.

சோலோ

‘எனக்கு சோலோ தெரியாது’ என்று ஒதுங்கும் பிள்ளையிடம் முதலில் இரண்டே சுரம் கொடுங்கள்: கான்செர்ட் ஜி, எஃப். இரண்டு பார் வாசித்து, இரண்டு பார் சும்மா இருக்கட்டும். பிறகு பென்டடானிக் முழுசும்: ஜி, பி ஃப்ளாட், சி, டி, எஃப். ஆல்டோ, பாரிடோன் வாசிப்பவருக்கு இ, ஜி, ஏ, பி, டி. டெனர், டிரம்பெட்டுக்கு ஏ, சி, டி, இ, ஜி. நாலு கார்டின் மேலும் இந்த ஐந்து சுரம் ஓடும், ஒரே ஒரு இடம் தவிர. எஃப் கார்டின் மேல் பி ஃப்ளாட்டில் நீண்டு நின்றால், கார்டில் இருக்கும் ஏ-யோடு மோதிக் கடுக்கும். அங்கே நிற்காமல் ஏ-க்கு இறங்கினால் அதே கடுப்பு அழகாகத் தீரும். ஆல்டோவில் அது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப், டெனரிலும் டிரம்பெட்டிலும் சி-யிலிருந்து பி. பின்னணி வாசிப்பவர்கள் முதல் சுற்றில் மௌனமாக இருந்து, இரண்டாவது சுற்றில் மெதுவாக நுழையட்டும்.

ஆறு ரிகர்சல், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் இந்த ஒழுங்கு ஒத்துவரும். முதலிரண்டில் 84 வேகம், ரிஃபும் நிறுத்தக் குறிகளும். மூன்றாவதில் 104, கோரஸும் சாக்ஸ் யூனிசனும். நாலாவதில் 116, சோலோ. ஐந்திலும் ஆறிலும் 126. உச்ச சுரங்கள் வரும் கோரஸை ஒரே ரிகர்சலில் முழு பலத்தோடு மூன்று முறைக்கு மேல் வாசிக்கவிடாதீர்கள், மற்ற நேரம் டிரம்பெட் ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்கலாம். ஐந்தாவது ரிகர்சலில் ஒரு செல்போனை ஐந்தாறு மீட்டர் முன்னால் வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள். டிரம்மருக்கு அதன்பின் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

மேடையில் வேகம் எண்ணும் முன் ரிஃபை மனதில் ஓட்டாதீர்கள், அதை எந்த வேகத்திலும் வாசித்துவிடலாம். நோட்ஸ் நெருக்கமாக வரும் கோரஸ் மெலடியை மனதில் பாடி, அதிலிருந்து வேகத்தை எடுங்கள். பிறகு இரண்டு பார்: முதல் பாரில் 1, 3 மட்டும், அடுத்த பாரில் நாலும். பதற்றத்தில் வேகம் கூடுவது இயல்பு, மனம் சொல்வதைவிடக் கொஞ்சம் நிதானமாகத் தொடங்கினால் சரியாக வரும்.

கடைசி அடிக்குத் தனியாக 5 நிமிடம் ஒதுக்குங்கள். பெரும்பாலான ராக் பீஸ்கள் ஒரு ‘தாத்’-தில் முடியும். ஊதுபவர்கள் நாக்கால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் சிம்பல் இழுத்துக்கொண்டே இருக்கும், கிட்டார் தந்தி அதிரும், பியானோ பெடல் பிடித்திருக்கும். டிரம்மர் அடித்த மறுகணம் இரு விரலால் கிராஷின் விளிம்பைப் பிடிக்க வேண்டும், கிட்டார்காரர் தந்திகள் மேல் உள்ளங்கையைப் படுக்கவைக்க வேண்டும், பியானோக்காரரின் கால் அதற்கு ஒரு பார் முன்பே பெடலை விட்டிருக்க வேண்டும்.